கோண்டர் கோட்டையில் சொன்ன ஏழு பெயர்கள்

எத்தியோப்பியாவுக்குப் போய்ப் பழைய அரசர்களின் கோட்டைகளைப் பார்த்துவிட்டு வரப்போவதாக ஞானேந்திரன் சொன்னபோது, அவருடைய மனைவி சிவநேசம் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டு நின்றாள். கத்தியை நிறுத்தவுமில்லை, நிமிர்ந்து பார்க்கவுமில்லை.

“கோட்டை பாக்கப் போறியளோ, கோத்திரம் பாக்கப் போறியளோ?”

ஒட்டாவாவுக்குப் போய்ப் பாராளுமன்றத்தைக் காருக்குள் இருந்தபடியே பார்த்துவிட்டுத் திரும்பி வந்த ஆள் அவர். அப்படிப்பட்டவருக்கு ஆபிரிக்காவில் கோட்டை பார்க்க ஆசை வந்ததென்றால் மொன்றியலின் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் ஒரு பச்சைப் பிள்ளையும் நம்பாது.

விசயம் இதுதான். ஒரே மகள் வித்தியா, பக்கத்துக் கர்க்லாண்டில் மருந்துக்கடையில் பார்மசிஸ்ட், தீபாவளியன்று சாப்பாட்டு மேசையில் வைத்துத் தான் பிருக் என்ற எத்தியோப்பியப் பெடியனைக் கட்டப்போவதாகச் சொல்லிவிட்டாள். பெடியன் பாலங்கள் கட்டும் இன்ஜினியர். அவனுடைய குடும்பம் கோண்டர் என்ற ஊர். ஒரு காலத்தில் அந்த நாட்டு அரசர்கள் இருந்த தலைநகரம். ஞானேந்திரன் சத்தம் போடவில்லை, தட்டைத் தள்ளவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து ஒரு சொல் சொன்னார்.

“விசாரிச்சுப் பாப்பம்.”

யாழ்ப்பாணத்தாரிடம் இந்தச் சொல்லுக்கு இருக்கும் நஞ்சு வெளியாருக்குத் தெரியாது. ஒரு சம்பந்தம் வந்தால் பெடியனின் ஊருக்குப் போவார்கள். சந்திக் கடையில் ஒரு தேத்தண்ணி, கோயில் ஐயரிடம் ஒரு கதை, பக்கத்து வளவுக் கிழவியிடம் இரண்டு கதை. ஒரு பைத்தியம், ஒரு வழக்கு, ஒரு இரண்டாம் தாரம், இல்லையென்றால் சாதியில் ஒரு சறுக்கல், எதையாவது கொண்டுவந்து விடுவார்கள். கலியாணத்தைக் குழப்ப நினைத்தவனுக்கு விசாரணையைப் போல உதவி வேறில்லை. ஞானேந்திரன் கோண்டருக்குப் பயணச்சீட்டு எடுத்தது இதற்காகத்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மொன்றியல் முழுவதிலும் விசாரணைக்கு அதிகம் பயந்த மனிதர் ஞானேந்திரன்தான். அவருடைய தகப்பன் செல்லன், வலிகாமத்தில் ஒரு ஊரில் கட்டாடி. ஊராரின் உடுப்பு வெளுத்து, கலியாண வீட்டிலும் செத்த வீட்டிலும் மேலே வெள்ளைத் துணி கட்டி, பின்வளவில் நின்று சோறு வாங்கி வந்த மனிதன். செல்லன் என்ற பெயரைக் கடவுச்சீட்டு எடுக்கும்போது மகன் செல்லத்துரை ஆக்கினார். ஊர் எதுவென்று கேட்டால் “ரவுண்” என்பார். யாழ்ப்பாணப் பட்டணத்தில் தகப்பனுக்குக் கடை இருந்ததென்று மகளுக்கே சொல்லி வளர்த்தார். உண்மை தெரிந்த ஒரே ஆள் சிவநேசம். அவளும் அதே சனம்.

மனிசரின் கெட்ட காலம், இரண்டு தெரு தள்ளி மகேந்திரராசா இருந்தார். கோயிலில் முதல் மாலை வாங்குகிறவர், சங்கத்தில் தலைவர், எழுபது வயது. செல்லன் காலமெல்லாம் வெள்ளை கட்டிய அம்பலவாணரின் பெரிய வீட்டுப் பேரன். கோயில் வாசலில் அவரை முதல்முதல் கண்ட நாள் ஞானேந்திரன் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினார். ஆனால் அவருக்கு இவரைத் தெரியவில்லை. கட்டாடியின் ஏழு வயதுப் பிள்ளையின் முகத்தை அந்த வீட்டில் யார் பார்த்தார்கள்? வேறு யாராவது என்றால் விலகிப் போயிருப்பார்கள். இவர் போய் ஒட்டிக்கொண்டார். இருபது வருடமாய் அவருக்குக் கதிரை தூக்கினார், கார் ஓட்டினார், “அண்ணை அண்ணை” என்று பின்னால் திரிந்தார். மாதத்தில் ஒரு நாளாவது வீட்டுக்குக் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுப்பார். செல்லனின் வீட்டுக் கோப்பையில் அம்பலவாணரின் பேரன் வாய் வைத்துக் குடிப்பதை முன்னால் இருந்து கண் எடுக்காமல் பார்ப்பார். துறைமுகத்தில் இருபத்தாறு வருடம் கொன்ரெயினர் அடுக்கியதில் கிடைக்காத ஒரு நிறைவு அந்த ஒரு கோப்பையில் அவருக்குக் கிடைத்தது.

சரி, கோண்டருக்கு வருவோம். ஹோட்டலில் இறங்கியவுடன் ஞானேந்திரன் சந்திக் கடைக்குப் பதிலாக வாடகைக் கார் சாரதியைப் பிடித்தார். இந்தக் குடும்பத்தைத் தெரியுமா, எப்படிச் சனம், நோய்நொடி உண்டா, கோர்ட்டில் வழக்கு உண்டா என்று குடைந்தார். சாரதி எல்லாவற்றுக்கும் “நல்ல மனிதர்கள்” என்று சொல்லிவிட்டு, போனவுடன் அந்தக் குடும்பத்துக்கே போன் போட்டுவிட்டான். அடுத்தநாள் காலை ஹோட்டல் வாசலில் ஒரு உயரமான மனிதர் நின்றார். பிருக்கின் தகப்பன் உயிரோடு இல்லை. இவர் பெரியப்பா அடானே, பள்ளிக்கூட அதிபராக இருந்து ஓய்ந்தவர். கை கொடுக்கவில்லை.

“என் வீட்டைப் பற்றி என் ஊரில் விசாரிக்கிறீர்களாம்,” என்றார் ஆங்கிலத்தில். “என்னிடமே கேளுங்கள். கோட்டை பார்க்க வந்ததாகவும் சொன்னீர்களாம். அதையும் நானே காட்டுகிறேன்.”

இரண்டு நாள் காட்டினார். உபசாரம் குறைவில்லை, முகத்தில் சிரிப்பு மட்டும் இல்லை. மதிலுக்குள்ளே கபில நிறக் கல்லில் கோட்டைகள் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாய் நின்றன. முதலாவது முழுதாக இருந்தது, நாலு மூலையிலும் உருண்டைத் தலையோடு கோபுரங்கள். மற்றவற்றில் சிலதுக்குக் கூரை இல்லை. ஏன் இத்தனை என்று ஞானேந்திரன் கேட்டார்.

“தகப்பன் கட்டியதில் மகன் இருக்கமாட்டான்,” என்றார் அடானே. “பக்கத்தில் தனக்கென்று ஒன்று கட்டுவான். ஆனால் தகப்பனுடையதை இடிக்கவில்லை, பாருங்கள்.”

ஞானேந்திரன் தலையாட்டினார். மனதுக்குள், கூரை இல்லாத வீட்டை வைத்துக்கொண்டு என்ன பெருமை என்று கறுவினார். குறை ஒன்றும் அகப்படாத எரிச்சல் அவருக்கு.

ஒரு காலத்தில் சிங்கம் அடைத்து வைத்த கூண்டு ஒன்று அங்கே இருந்தது. அதன் முன்னால் அடானே நின்று, வாய்ப்பாடு சொல்வதுபோல ஏழு பெயர்களைச் சொன்னார். தகப்பன், தகப்பனின் தகப்பன், அவன் தகப்பன் என்று ஏழு தலைமுறை. பிறகு சட்டைப்பையிலிருந்து கொப்பியை எடுத்தார்.

“இப்போது உங்களுடையது. ஏழு தலைமுறைக்குள் உறவு இருந்தால் நாங்கள் கட்டுவதில்லை.”

“எங்களுக்கும் உங்களுக்கும் எப்படி உறவு இருக்கும்?”

“எனக்கும் தெரியும். ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறது. பெயர்கள் தெரியாதென்றால் அதையும் சொல்லுங்கள், அப்படியே எழுதுகிறேன்.”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இந்த மனிதனுக்கு முன்னால், இந்தக் கல்லுகளுக்கு முன்னால், தெரியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. செல்லத்துரை என்றார். அதற்கடுத்த பெயர் கந்தன். அதைச் சொன்னால் அடானேக்கு என்ன தெரியப்போகிறது? ஒன்றும் தெரியாது. இருந்தும் கந்தன் என்ற பெயரை விழுங்கிவிட்டார். அதற்குப் பதிலாக அம்பலவாணர் வந்தார். அவருக்குப் பின்னால் கதிர்காமர், வேலாயுதர், சிதம்பரநாதர், முருகேசர், இராமலிங்க முதலியார் என்று வரிசையாய் வந்துவிட்டார்கள்.

எங்கிருந்து வந்தார்கள் என்றால், கல்வெட்டிலிருந்து. யாழ்ப்பாணத்தில் வசதியான வீட்டில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்து வந்தவர்களுக்குக் கொடுப்பார்கள். அதன் பெயர் கல்வெட்டு. கல்லுமில்லை வெட்டுமில்லை, கடதாசிதான். செத்தவரின் வம்ச வரலாறு அதில் பாட்டாக இருக்கும். மகேந்திரராசாவின் பாட்டனார் அம்பலவாணர் செத்தபோது அடித்த கல்வெட்டில் ஒன்று, மிஞ்சிய சோற்றோடு சேர்ந்து செல்லனின் குடிலுக்கும் வந்தது. அந்தக் குடிலில் இருந்த ஒரே புத்தகம் அது. ஏழு வயது ஞானேந்திரன் அதில்தான் எழுத்துக் கூட்டினார். தன் பூட்டனின் பெயர் தெரியாத மனிதருக்கு அந்த வீட்டின் ஆறு தலைமுறையும் பாடம்.

அடானே ஒவ்வொன்றுக்கும் ஆங்கில எழுத்துக் கேட்டுக் கேட்டு எழுதினார். ஞானேந்திரன் அன்றிரவே அதை மறக்கத் தொடங்கினார்.

மொன்றியலுக்குத் திரும்பி வந்து, “சரிவராது,” என்றார். காரணம் சொல்லவில்லை, இருந்தால்தானே சொல்வதற்கு. வித்தியா அவரோடு கதைப்பதை நிறுத்தினாள். மாசி முடிய அடானேயிடமிருந்து செய்தி வந்தது: முறைப்படி பெண் கேட்க மொன்றியலில் இருக்கும் மூன்று பெரியவர்கள் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வருவார்கள்.

ஞானேந்திரன் உடனே மகேந்திரராசாவைக் கூப்பிட்டார். தான் மறுத்தால் மகளின் முகத்தைப் பார்த்து மறுக்கவேண்டும். அண்ணை மறுத்தால் ஊர் மறுத்த மாதிரி. சிவநேசத்துக்கு இது பிடிக்கவில்லை.

“உந்தாள் இதுக்குள்ள என்னத்துக்கு?”

“நீர் சும்மா இரும். அவர் ஒரு சொல் சொன்னால் காணும்.”

ஞாயிறு வந்தது. மகேந்திரராசா முதலில் வந்து காரை முற்றத்தில் உள்ளே தள்ளி நிறுத்திவிட்டு, தனிச் சோபாவில் சாய்ந்து தேத்தண்ணியை வாங்கிக்கொண்டார். வித்தியா மாடிப்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சரியாக மூன்று மணிக்கு மூன்று பேரும் வந்தார்கள். முறைப்படி பிருக் வரவில்லை. முன்னால் நின்ற கிழவர் மெர்ஷா வெள்ளைச் சால்வை போர்த்திருந்தார். மற்ற இருவரில் ஒருவர் ராக்ஸி வைத்திருப்பவர், மூவரும் வந்த வாடகைக் கார் அவருடையது; மற்றவர் அவர்களுடைய தேவாலயத்து ஆள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு வந்து ஹோலின் நடுவில் நின்றார்கள்.

“இருங்கோ,” என்றார் ஞானேந்திரன். “தேத்தண்ணி குடியுங்கோ.”

“நாங்கள் கேட்க வந்தவர்கள்,” என்றார் மெர்ஷா ஆங்கிலத்தில். “கேட்டு, பதில் வரும்வரை இருப்பதுமில்லை, குடிப்பதுமில்லை.”

மகேந்திரராசா தமிழில் சொன்னார்: “கெதியா முடிச்சு விடும் தம்பி. ஆக்கள் நிண்டுகொண்டிருந்தால் எனக்குக் கழுத்து நோகுது.”

மெர்ஷா, அடானே எழுதி அனுப்பிய கடதாசியை விரித்து, பிருக்கின் ஏழு பெயர்களை வாசித்தார். அப்போதுதான் ஞானேந்திரனுக்கு அடுத்தது என்னவென்று தெரிந்துவிட்டது.

“எங்கட பக்கம் வாசிக்கத் தேவையில்லை. எனக்குத் தெரிந்த பெயர்கள்தானே.”

“பெண் வீட்டில், சாட்சி முன்னால் வாசிக்கவேண்டும்,” என்றார் மெர்ஷா. மகேந்திரராசாவைப் பார்த்துத் தலைகுனிந்தார். “நல்லவேளை, நீங்கள் சாட்சியை அழைத்திருக்கிறீர்கள்.”

வாசித்தார். செல்லத்துரையில் ஒன்றுமில்லை. அம்பலவாணர் என்றவுடன் மகேந்திரராசா கோப்பையிலிருந்து தலையை எடுத்தார். கதிர்காமர், வேலாயுதர் என்று வர நிமிர்ந்து இருந்தார். இராமலிங்க முதலியார் முடியுமுன் எழுந்து போய்க் கிழவரின் கையிலிருந்த கடதாசியைப் பறித்தார்.

“உது என்ர அப்புவின்ர, அப்பான்ர தகப்பன்ர பேர். அதுக்குப் பிறகு முழுக்க எங்கட பரம்பரை. ஆர் இவைக்கு உதைக் குடுத்தது?”

அவர் கடதாசியைத் திரும்பவும் மேலிருந்து படித்தார்.

“அப்புவுக்குச் செல்லத்துரை எண்டு ஒரு பிள்ளை இல்லை.” அந்தப் பெயரில் விரலை வைத்தார். “செல்லன் எண்டு ஒருத்தன் எங்கட வளவிலை நிண்டவன்.”

தலையைத் தூக்கி ஞானேந்திரனின் முகத்தைப் பார்த்தார். இருபது வருடத்தில் முதல் தடவையாகப் பார்த்தார் என்றே சொல்லவேண்டும். நெற்றியைப் பார்த்தார், வெளியே நீட்டிக்கொண்டிருந்த காதுகளைப் பார்த்தார்.

“நீ கட்டாடி செல்லன்ர பெடியன்.”

குசினி வாசலிலிருந்து சிவநேசம்தான் சொன்னாள்.

“ஓம். அதுக்கென்ன?”

“அதுக்கென்னவோ? இருவது வருசமா இந்த வீட்டிலை நான்...” மகேந்திரராசா முடிக்கவில்லை. கையில் இருந்த அரைக் கோப்பைத் தேத்தண்ணியைப் பார்த்தார். பக்கத்தில் மேசை இருக்க, குனிந்து அதை நிலத்தில் வைத்தார். தன் தோள் சால்வையின் நுனியால் உதட்டைத் துடைத்துக்கொண்டு, கிழவரிடம் ஆங்கிலத்தில் சொன்னார்: “நீங்கள் யாரிடம் பெண் கேட்கிறீர்கள் தெரியுமா? இவன் தகப்பன் எங்கள் வீட்டு அழுக்குத் துணி வெளுத்தவன். இவர்களை நாங்கள் வாசற்படிக்கு உள்ளே விட்டதில்லை.”

மெர்ஷா அவரைப் பார்க்கவேயில்லை. ஞானேந்திரனைத்தான் பார்த்தார்.

“எனக்கு ஒன்றுதான் வேண்டும். இந்தப் பெயர்கள் இந்த வீட்டுப் பெயர்களா, இல்லையா?”

“இல்லை.”

“அப்படியென்றால் நாங்கள் கேட்கவுமில்லை, நீங்கள் மறுக்கவுமில்லை.” கிழவர் கடதாசியை வாங்கி நாலாய் மடித்தார். ராக்ஸிக்காரர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே சொன்னார்: “அடானே தன் ஊரில் இரண்டு நாள் உங்களைக் கூட்டிக்கொண்டு திரிந்தார். அந்த மனிதருக்குப் பொய்யைக் கொடுத்திருக்கிறீர்கள்.” மூவரும் வெளியே போனார்கள். அவர்களுக்குப் பின்னால் மகேந்திரராசாவும் போனார், போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

கலியாணம் குழம்பிவிட்டது. எதற்காகக் கோண்டர்வரை பறந்தாரோ அது கைகூடிவிட்டது. ஞானேந்திரன் நடு ஹோலில் நின்று நிலத்தில் இருந்த கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வித்தியா படியிறங்கி வந்தாள்.

“அப்பப்பாக்கு ரவுணிலை கடை எண்டு சொன்னீங்கள்.”

“பிள்ளை, உனக்கு இது விளங்காது.”

“அவையளை விசாரிக்க அவ்வளவு தூரம் போனீங்கள். என்ர அப்பப்பான்ர பேர் எனக்கு இண்டைக்குத்தான் தெரியும். அதுவும் உந்த மனிசன் ஏசேக்கை தெரிஞ்சது.” அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். குளிர்ச் சப்பாத்தைக் காலில் மாட்டினாள். “நான் அவையோட போறன். திரும்பி வாறதைப் பற்றிப் பேந்து யோசிப்பம்.”

“வித்தியா.”

“என்னோட கதைக்காதேங்கோ அப்பா. எனக்கு உங்களைப் பாக்க வெறுப்பா இருக்கு.”

கதவைச் சாத்திவிட்டுப் போனாள். சிவநேசம் குனிந்து நிலத்தில் இருந்த கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள், கழுவுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில்தான் ஞானேந்திரன் அசைந்தார். வீட்டுச் செருப்போடு வெளியே ஓடினார்.

முற்றத்தில் ஒருவரும் போய்விடவில்லை. மகேந்திரராசாவின் கார் உள்ளே, ராக்ஸி அவருக்குப் பின்னால். ராக்ஸி எடுத்தால்தான் அவர் வெளியே போகலாம். கண்ணாடியை இறக்கிவிட்டு ஹோர்ண் அடித்துக்கொண்டிருந்தார். வித்தியா ராக்ஸிக்குள் ஏறக் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றாள். ஊத்தைப் பனிக்குள் செருப்புப் புதையப் புதைய ஞானேந்திரன் கிழவரின் முன்னால் போய் நின்றார்.

“எழுதுங்கள்,” என்றார் ஆங்கிலத்தில். “என் தகப்பன் செல்லன். உடுப்பு வெளுத்தவர்.”

“தொழிலை நான் கேட்கவில்லை. பெயர் போதும்.”

“தொழிலையும் எழுதுங்கள்.” திறந்திருந்த கார்க் கண்ணாடிக்குக் கேட்கும்படி சொன்னார். “அவருடைய தகப்பன் கந்தன். அவரும் அதே வேலை.”

மெர்ஷா கடதாசியை ராக்ஸியின் பொனற்றில் விரித்து, பழைய பெயர்களை வெட்டி, இரண்டையும் எழுதினார். பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார்.

“மூன்றாவது?”

“தெரியாது. எங்களுக்கு ஒருவரும் புத்தகம் அடிக்கவில்லை.”

“பொய் சொன்னதை அடானேக்கு நான் சொல்லத்தான் வேண்டும்.”

“சொல்லுங்கள்.”

கிழவரின் முகம் கொஞ்சமும் இளகவில்லை. மூன்றிலிருந்து ஏழுவரை ஐந்து வெறுங்கோடு போட்டார். மகேந்திரராசா இன்னொரு தரம் ஹோர்ண் அடித்தார். ராக்ஸிக்காரர் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

“உள்ளே போய்க் கதவைப் பூட்டுங்கள்,” என்றார் மெர்ஷா. “நாங்கள் மணி அடிப்போம். முதலிலிருந்து கேட்போம். மறுப்பதென்றால் அப்போது மறுக்கலாம்.”

ஞானேந்திரன் போய்க் கதவைப் பூட்டினார். செருப்புக்குள் தண்ணீர் சளசளத்தது. மணி அடித்தது. திறந்தபோது படியில் நாலு பேர் நின்றார்கள். வித்தியா அவர்களோடு, அவர்களுடைய பக்கத்தில் நின்றாள். தகப்பனின் முகத்தைப் பார்க்கவில்லை. நாலு பேரும் உள்ளே வந்தார்கள், ஒருவரும் இருக்கவில்லை.

“நாங்கள் கேட்க வந்தவர்கள்,” என்று தொடங்கி மெர்ஷா பிருக்கின் ஏழு பேரையும் வாசித்தார். பிறகு கடதாசியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, செல்லன் என்றார். வெளியே முற்றத்திலிருந்து ஹோர்ண் விடாமல் அடித்தது.

“சிவநேசம், கதவைச் சாத்தும்,” என்றார் ஞானேந்திரன். “அப்பான்ர பேர் வாசிக்கிறது கேக்கேல்லை.”